காக்கி உடுப்பும் காட்டு உத்தியோகமும்
காட்டிலாகா அதிகாரி ஆக நம் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும்?

மாலை நேரம். பெங்களூரிலிருந்து பங்காரப்பேட்டை வழியாகத் தங்கவயலுக்குப் போகும் ரெயில். உட்கார இடம் இல்லை. அருகில் நின்றவர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறவர். அவருடைய தகப்பனார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலில் இருந்து தினமும் பெங்களூருக்கு ரெயில் ஏறி வந்து போகும் ஆயிரக்கணக்கான நம்மவர்களில் அவரும் ஒருவர்.

"அண்ணே, என் பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணிட்டா. பெரிய ரேஞ்சர் ஆகணும், காட்டிலாகாவுல சேரணும்னு பிடிவாதமா இருக்கா. என்ன படிக்க வைக்கணும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே நாலு பேர் பதில் சொன்னார்கள். "ஏதாவது ஒரு டிகிரி இருந்தா போதும்" என்றார் ஒருவர். "அதெல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு ஆகாது" என்றார் இன்னொருவர். "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், பணம் கொடுத்தா முடிச்சுக் கொடுப்பார்" என்று மூன்றாமவர் காதோடு சொன்னார்.

மூன்றுமே தவறு. அந்தத் தகப்பனாருக்குச் சொன்ன விவரங்களை, அதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

பதிவு உண்டா?

வக்கீல் ஆக வேண்டுமானால் சட்டம் படித்துப் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. காட்டு நிபுணருக்கும் அப்படி ஒரு பதிவு உண்டா?

சில வெளிநாடுகளில் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1972-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஏழு ஆண்டு அனுபவம் வேண்டும். வனவியல் பட்டம் பெற்றிருந்தால் அதில் நாலு ஆண்டு கழியும். பிறகு எழுத்துப் பரீட்சை. தேறினால் 'பதிவு பெற்ற வனவியலர்' என்ற லைசென்சு. தனியார் காட்டில் வியாபாரத்துக்கு மரம் வெட்டுவதற்கான திட்டத்தை அவர்தான் தயாரித்துத் தர வேண்டும் என்று 1973-ல் வந்த இன்னொரு சட்டம் சொல்கிறது.

நம் நாட்டில் காட்டின் பெரும்பகுதி அரசின் கையில் இருக்கிறது. ஆகையால் இங்கே அரசு கொடுக்கும் நியமன உத்தரவுதான் பதிவு. 1864-ல் ஜெர்மன் தாவரவியல் அறிஞர் பிராண்டிஸ் என்பவரைத் தலைவராக வைத்து வெள்ளைக்கார சர்க்கார் காட்டிலாகாவை ஏற்படுத்திய நாள் முதல் இதுதான் ஏற்பாடு. அந்த உத்தரவைப் பெற மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலுக்கும் படிப்பு வேறு, பரீட்சை வேறு.

முதல் வாசல்: ஐ.எப்.எஸ்.

இந்திய வனப்பணி 1966-ல் தொடங்கப்பட்டது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போல இதுவும் அகில இந்தியப் பணி. வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்க்கும் பணிக்கும் ஐ.எப்.எஸ். என்றுதான் பெயர். இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது. தூதரகப் பணிக்கு எந்தப் பட்டமும் போதும். வனப்பணிக்குப் போதாது.

கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகிய பாடங்களில் ஒன்றையாவது படித்துப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அல்லது விவசாயம், வனவியல், என்ஜினீயரிங் ஆகியவற்றில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். பி.காம்., பி.ஏ. வரலாறு படித்தவர்கள் இந்தப் பரீட்சைக்கு மனுப் போட முடியாது.

எங்கள் ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார். அவருடைய மகன் சிறு வயதிலிருந்தே காடு, பறவை, யானை என்று பைத்தியமாக இருந்தவன். "கணக்குப் பிள்ளை வேலையாவது கிடைக்கும்" என்று பி.காம். சேர்த்து விட்டார். பையன் நன்றாகவே படித்தான். பட்டம் வாங்கிய பிறகுதான் வனப்பணி அறிவிப்பைக் கையில் எடுத்தான். தகுதிப் பாடங்களின் பட்டியலில் அவன் படித்தது இல்லை. "பதினாறு வயசுல நான் செஞ்ச தப்பு இருபத்தொண்ணுல தெரிஞ்சுது" என்று அந்தத் தகப்பனார் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். பத்தாம் வகுப்பு முடிந்து எந்தப் பிரிவு எடுப்பது என்று முடிவு செய்கிற அந்த ஒரு வாரத்தில்தான் இந்த வாசல் திறக்கிறது அல்லது மூடுகிறது.

பரீட்சை எப்படி?

பரீட்சையை மத்திய தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. அறிவிப்பு ஆண்டின் தொடக்கத்தில் வரும். வயது 21 நிறைந்து 32 ஆகாமல் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், தாழ்த்தப்பட்டோர், மலைவாழ் மக்களுக்கு 5 ஆண்டும் சலுகை உண்டு. பொதுப் பிரிவினர் 6 தடவை எழுதலாம். பிற்படுத்தப்பட்டோர் 9 தடவை. தாழ்த்தப்பட்டோர், மலைவாழ் மக்களுக்குத் தடவைக் கணக்கு இல்லை. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், மலைவாழ் மக்களுக்கும் பரீட்சைக் கட்டணம் கிடையாது.

முதல் கட்டப் பரீட்சை 2013-ம் ஆண்டு முதல் ஐ.ஏ.எஸ்.சுக்கும் வனப்பணிக்கும் ஒன்றுதான். அதில் தேறியவர்கள் மெயின் பரீட்சை எழுத வேண்டும். பொது ஆங்கிலம் 300 மார்க்கு, பொது அறிவு 300 மார்க்கு, இரண்டு விருப்பப் பாடங்கள் சேர்ந்து 800 மார்க்கு. ஆக 1,400. நேர்முகத் தேர்வுக்கு 300. மொத்தம் 1,700. மெயின் பரீட்சை முழுவதையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஐ.ஏ.எஸ். பரீட்சையைத் தமிழில் எழுதலாம். அந்த வசதி இதில் இல்லை.

விருப்பப் பாடம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். விவசாயமும் வனவியலும் சேர்த்து எடுக்க முடியாது. கணிதமும் புள்ளியியலும் சேர்த்து எடுக்க முடியாது. என்ஜினீயரிங் பாடம் ஒன்றுக்கு மேல் கூடாது.

2024, 2025 ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட இடங்கள் சுமார் 150. நாடு முழுவதற்கும் இவ்வளவுதான். போட்டி எவ்வளவு கடுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் இந்தப் பரீட்சையை மட்டும் நம்பி வயதைக் கழிக்காமல், கீழே சொல்லப் போகும் மற்ற வாசல்களையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.

4 மணி நேரம், 25 கிலோமீட்டர்

மற்ற உத்தியோகங்களில் இல்லாத ஒரு பரீட்சை இதில் உண்டு. நடைப் பரீட்சை. ஆண்கள் 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். பெண்களுக்கு 14 கிலோமீட்டர், அதே 4 மணி நேரம்.

25 கிலோமீட்டர் என்றால் பெங்களூர் சிட்டி ரெயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒயிட்பீல்டு ரெயில் நிலையம் வரை. மணிக்கு ஆறேகால் கிலோமீட்டர். இது சாதாரண நடை அல்ல, வேக நடை. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு ஆரம்பித்தால் கால் ஒத்துழைக்காது. கல்லூரி நாளிலேயே பழக்கப்படுத்த வேண்டும்.

உயரம் ஆண்களுக்கு 163 சென்டிமீட்டர், பெண்களுக்கு 150 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மலைவாழ் மக்களுக்கு இதில் தளர்வு உண்டு. மார்பளவு, கண் பார்வை, பொது உடல்நலம் எல்லாவற்றையும் டாக்டர்கள் பரிசோதிப்பார்கள். உயரம் வளர்த்துக் கொள்ளக் கூடியது அல்ல. ஆகையால் பிள்ளையை வருடக்கணக்கில் படிக்க வைக்கும் முன்பு ஒரு முறை அளந்து பார்த்து விடுவது நல்லது.

தேர்வு பெற்றவர்கள் முசூரியில் அடிப்படைப் பயிற்சி பெற்று, பிறகு டேராடூனில் உள்ள இந்திரா காந்தி தேசிய வன அகாடமியில் பயிற்சி பெறுகிறார்கள். பெண்களால் ஆகாது என்று ரெயிலில் ஒருவர் சொன்னாரே, அவருக்கு ஒரு செய்தி. 1980-லேயே பெண்கள் இந்தப் பணியில் சேர்ந்து விட்டார்கள்.

இரண்டாவது வாசல்: ரேஞ்சர்

ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தக் காட்டிலாகா உண்டு. அதில் உதவி வனப் பாதுகாவலர், வனச்சரக அலுவலர் என்று நடுத்தர அதிகாரிகள் இருக்கிறார்கள். வனச்சரக அலுவலரைத்தான் மக்கள் ரேஞ்சர் என்கிறார்கள். ஒரு சரகத்தில் நடக்கும் நல்லது கெட்டது அனைத்துக்கும் அவர்தான் பொறுப்பு.

தமிழ்நாட்டில் இந்த இடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை நடத்துகிறது. ரேஞ்சர் ஆக விரும்புகிறவர் முதலில் வனப் பயிற்சியாளராகத் தேர்வு பெற வேண்டும். வனவியல் பட்டதாரிகளுக்கு இந்த வேலைகளில் முன்னுரிமையோ தனி ஒதுக்கீடோ பல மாநிலங்களில் உண்டு. கர்நாடகத்திலும் ரேஞ்சர் வேலையில் வனவியல் பட்டதாரிகளுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் படிப்பு எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது. கர்நாடகத்தில் சிர்சியிலும், குடகு மாவட்டம் பொன்னம்பேட்டையிலும் வனக்கல்லூரிகள் இருக்கின்றன. கேரளத்தில் திருச்சூர் அருகே வெள்ளானிக்கரையிலும், மராட்டியத்தில் தாபோலியிலும் உண்டு. பி.எஸ்ஸி. வனவியல் 4 ஆண்டுப் படிப்பு. பிளஸ் 2 அல்லது பி.யு.சி.யில் விஞ்ஞானப் பிரிவு எடுத்திருக்க வேண்டும்.

என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? மரம் வளர்ப்பது மட்டும் அல்ல. ஒரு மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளந்து, அதில் எவ்வளவு கட்டை தேறும் என்று கணக்குப் போடுவது, மண், நீர், காட்டுத் தீ, வன விலங்கு, காட்டுச் சட்டம், பத்தாண்டுத் திட்டம் எழுதுவது என்று எல்லாம் உண்டு.

கர்நாடகத்தில் பள்ளிக்கூடம் படித்த நம் பிள்ளைகள் கே.சி.இ.டி. நுழைவுத் தேர்வு மூலம் சிர்சி, பொன்னம்பேட்டை கல்லூரிகளில் சேரலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு.சி.க்குள் குறைந்தது ஏழு ஆண்டு இந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஏழாம் வகுப்பு வரை ஊரில் பாட்டி வீட்டில் படிக்க வைத்து, எட்டாவதில் பெங்களூருக்கு அழைத்து வரும் குடும்பங்கள் இந்தக் கணக்கை மறந்து விடுகின்றன. ஐந்து ஆண்டுதான் தேறும். மாநில இடம் கேட்க வேறு விதிகளைத் தேட வேண்டி வரும். இது தவிர, விவசாயப் பல்கலைக்கழகங்களில் ஒரு பகுதி இடங்கள் அகில இந்திய அளவிலும் நிரப்பப்படுகின்றன.

மூன்றாவது வாசல்: கார்டு, வாட்சர்

பட்டம் வரை படிக்க வைக்க வசதி இல்லாத குடும்பம் என்ன செய்வது? அவர்களுக்கும் வழி உண்டு.

தமிழ்நாட்டில் வனக்காப்பாளர், வனக்காவலர் வேலைகள் 2024 முதல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சையில் சேர்க்கப்பட்டு விட்டன. வனக்காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். வனக்காப்பாளர் வேலைக்குப் பிளஸ் 2 தேறியிருக்க வேண்டும். அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றாவது படித்திருக்க வேண்டும். நடைப் பரீட்சை இவர்களுக்கும் உண்டு. கர்நாடகத்தில் கார்டு வேலைக்கு இரண்டாம் பி.யு.சி. தேற வேண்டும்.

வாட்சர்தானே, கார்டுதானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். கார்டாகச் சேர்ந்தவர் பதவி உயர்வில் பாரஸ்டர் ஆகலாம். அதற்கு மேலும் போகலாம். காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் தெரிந்தவர் அவர்தான்.

தமிழ் பேசினால் போதாது

குரூப் 4 பரீட்சையில் 200 கேள்விகள். அதில் 100 கேள்விகள் தமிழ்ப் பாடத்தில் வரும். பத்தாம் வகுப்புத் தரம். அதில் நூற்றுக்கு 40 சதவிகிதம் வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்த மாட்டார்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு போட்ட உத்தரவு இது.

இங்கேதான் வெளி மாநிலத்துத் தமிழருக்கு இடிக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவார்கள். பஸ் போர்டில் கன்னடம் படிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எழுதுவார்கள். தமிழில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் விழிப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளை தமிழ்நாட்டுப் பரீட்சை எழுதினால் முதல் பகுதியிலேயே வெளியே நிற்க வேண்டியதுதான்.

மறு பக்கம், கர்நாடக அரசு வேலைக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. தரத்தில் பரீட்சை வைப்பார்கள். இரண்டு மொழியும் அரைகுறையாக இருந்தால் இரண்டு மாநிலமும் கை விட்டு விடும். இரண்டையும் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கோ இரண்டு வாசல் திறந்திருக்கும். வேறு யாருக்கும் இல்லாத வசதி இது! ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டே ஆண்டில் பத்தாம் வகுப்புத் தமிழ் கைக்கு வந்து விடும்.

சாதிச் சான்றிதழ்

இன்னொரு சிக்கல் சாதிச் சான்றிதழ். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், புதிய மாநில அரசு வேலையில் அந்தச் சலுகை கேட்க முடியாது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்சும் இதை உறுதி செய்தது. ஆனால் ஐ.எப்.எஸ். போன்ற அகில இந்தியப் பரீட்சைக்குத் தகப்பனாரின் சொந்த மாநிலச் சான்றை அடிப்படையாகக் கொண்ட சான்றிதழ் செல்லும்.

தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஜனாதிபதி உத்தரவாக 1950 ஆகஸ்டு 10-ந் தேதி வெளிவந்தது. அந்தத் தேதியில் குடும்பம் நிலையாக எங்கே குடியிருந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். தங்கவயலில் பாட்டன் காலத்திலேயே குடியேறிய குடும்பங்கள் பல. அந்தச் சாதி இங்குள்ள பட்டியலிலும் இருந்து, பழைய குடியிருப்புக்கு ஆதாரமும் இருந்தால், இங்கேயே உரிமை கேட்க வழி இருக்கிறது. ஆகையால் பாட்டனாரின் சுரங்க வேலைச் சீட்டு, பழைய பள்ளிச் சான்று, வீட்டுச் சீட்டு எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டு விடாதீர்கள். தாலுகா ஆபீசில் அவை உதவும்.

ஆபத்து இல்லாத வேலை அல்ல

காக்கிச் சட்டை, ஜீப்பு, பங்களா என்று மட்டும் நினைத்து யாரும் வர வேண்டாம். காட்டுத் தீயில் சிக்கியவர்கள், யானை மிதித்து இறந்தவர்கள், மரக்கடத்தல்காரர்கள் கையால் மாண்டவர்கள் எத்தனையோ பேர். தமிழ்நாட்டு எல்லையில் உள்ள கோபிநத்தம் பகுதியை நம்மில் பலருக்குத் தெரியும். அங்கே பணியாற்றிய ஐ.எப்.எஸ். அதிகாரி சீனிவாஸ், ஆந்திராவில் பிறந்து கர்நாடகத்தில் வேலை பார்த்தவர். துப்பாக்கியை மட்டும் நம்பாமல் அந்தத் தமிழ்க் கிராமத்து மக்களோடு பழகி, அவர்களுக்காக உழைத்தார். சரணடைவதாகச் சொன்ன வீரப்பனை நம்பிப் போனவர் 1991 நவம்பர் 10-ந் தேதி கொல்லப்பட்டார். அவருக்கு மறைவுக்குப் பின் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது. ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 11-ந் தேதி வனத் தியாகிகள் நாளாக நினைவு கூரப்படுகிறது.

இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்ட பிறகும் "போகிறேன்" என்று சொன்னால், அந்தப் பிள்ளையைத் தடுக்க வேண்டாம்.

பணம் கேட்கிறவரிடம் ஜாக்கிரதை

காட்டிலாகாவில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஊருக்கு ஓர் ஆள் இருக்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு மில் தொழிலாளி, தனக்குக் கிடைத்த செட்டில்மெண்டுப் பணத்தில் ஒரு பகுதியை அப்படி ஓர் ஆளிடம் கொடுத்தார். கையில் ஒரு 'உத்தரவு' வந்தது. முத்திரை எல்லாம் இருந்தது. மகனை அழைத்துக்கொண்டு போன இடத்தில்தான் அது போலி என்று தெரிந்தது. பணமும் போயிற்று, அந்தப் பையன் பரீட்சைக்குப் படித்திருக்க வேண்டிய ஒரு வருடமும் போயிற்று.

யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி., கர்நாடக அரசு எதுவானாலும் அறிவிப்பு வெளிப்படையாக வரும். மனுவை நாமே நிரப்பி அனுப்பலாம். பரீட்சைக் கட்டணம் தவிர வேறு யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். ஆகையால் அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒரு வரி விடாமல் படித்த பிறகே மனுப் போட வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

பத்தாவது முடித்த பிள்ளையை விஞ்ஞானப் பிரிவில் சேருங்கள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு கிடைத்தால் எல்லா வாசலும் திறந்திருக்கும். பள்ளியில் படித்த ஆண்டுகளுக்கான சான்றுகளை வாங்கி வையுங்கள். சாதிச் சான்றிதழை எந்த மாநிலத்தில் வாங்குவது என்பதை இப்போதே விசாரியுங்கள். தமிழும் கன்னடமும் எழுதப் பழக்குங்கள். ஆங்கிலத்தை ஒதுக்காதீர்கள். காலையில் நடக்க வையுங்கள்.

பங்காரப்பேட்டையில் கூட்டம் கொஞ்சம் குறைந்து உட்கார இடம் கிடைத்தது. அந்தத் தகப்பனார் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் குறித்துக் கொண்டார். "நான் தமிழ் படிச்சவன்தான் அண்ணே. பொண்ணுக்கு நானே சொல்லிக் கொடுத்துடுறேன். நடக்கறதுக்கும் நானே கூடப் போறேன்" என்றார்.

சில வாரம் கழித்து அதே ரெயிலில் மறுபடி பார்த்தேன். மகள் பி.யு.சி.யில் விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்து விட்டாளாம். தினமும் காலையில் இருவரும் நடக்கிறார்களாம். "அவ வேகத்துக்கு என்னாலதான் ஈடு கொடுக்க முடியல" என்று சொல்லிச் சிரித்தார்.